கருவி மாறிய கதை – 9: தப்பு தெரிய எவ்வளவு நேரம்?

பிலிம் காலத்துப் பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்குக் கணக்கு மனப்பாடம். 35 எம்எம் ரோல் என்றால் 36 படம். 120 ரோல் என்றால் சதுரப் படமாக 12. இந்தியாவிலேயே தயாரான ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, பிலிமை நகர்த்த ஒரு திருகு, பின்பக்கம் ஒரு சிவப்புச் சன்னல். அந்தச் சன்னலில் அடுத்த எண் வந்து நிற்கும்வரை திருகைச் சுற்ற வேண்டும். ரோல் முடிந்ததும் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தை கண்ணை மூடிவிட்டதும், கோபுரம் வெளுத்துப்போனதும் பிரிண்ட் கைக்கு வந்த பிறகே தெரியும்.

அக்கறையுள்ளவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். எத்தனையாவது படம், என்ன அபர்ச்சர் (லென்ஸ் துவார அளவு), என்ன ஷட்டர் வேகம், வெளிச்சம் எப்படி என்று குறிப்பேட்டில் எழுதிவைத்து, நெகட்டிவ் வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாடம் இருந்தது அங்கேதான்.

அந்த ரோல்களில் ஒரு பங்கு நம் ஊட்டியிலிருந்தே வந்தது. 1960ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தது. பிலிமுக்கு மவுசு போனதும் அந்த ஆலையும் மூடப்பட்டது.

தாமதமாகத் தெரியும் தப்பிலிருந்து கற்றவர்களில் மா. கிருஷ்ணனுக்கு இணை சொல்வது கடினம். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான அவர் (1912–1996), காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவர் வைத்திருந்த கேமரா கடையில் கிடைக்காதது: உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மீதி அவரே சேர்த்துக் கோத்தது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். யானை இன்னொரு முறை நின்று காட்டாது. வெளிச்சத்தைக் கண்ணாலேயே எடைபோடும் பழக்கம் இருந்தால்தான் அங்கே பிழைக்க முடியும்.

இந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டும் வேலை 1975லேயே தொடங்கிவிட்டது. கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமரா, 0.01 மெகாபிக்சல் படம் ஒன்றைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. இந்தியாவில் புகைப்படக் கலைஞர் ரகு ராய் 2003ல் 6 மெகாபிக்சல் நிக்கான் டி100ஐக் கையில் எடுத்தார். அதன் பிறகு பிலிம் பக்கம் திரும்பவில்லை. அனுபவசாலிக்கே அப்படியென்றால் புதியவருக்குக் கேட்க வேண்டுமா? எடுத்த மறுநொடி திரையில் படம். அபர்ச்சரும் ஷட்டர் வேகமும் படத்தோடு சேர்ந்தே ‘எக்சிஃப்’ தகவலாகப் பதிவாகிவிட, குறிப்பேட்டுக்கு வேலையில்லை.

செல்போன் இன்னும் ஒரு படி தாண்டியது. 2000ல் ஜப்பானில் வந்த ஷார்ப் போனின் கேமரா வெறும் 0.11 மெகாபிக்சல். 2012ல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலின் அலையைப் புகைப்படக்காரர் பென் லோவி ஐபோனில் எடுத்த படம் ‘டைம்’ இதழின் அட்டைக்கே போனது. கூகுள் பிக்சல் போன்களில் கேமராவைத் திறந்ததுமே படம் எடுப்பது ஆரம்பமாகிவிடும். பொத்தானைத் தொடுவதற்கு முந்தைய நொடியின் படங்களும் கணக்கில் சேரும். வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாக எடுத்த பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது போன். 2018ல் வந்த ‘நைட் சைட்’ வசதி இருட்டில் 15 படங்கள்வரை சேர்க்கும். கை லேசாக ஆடினாலும் கவலையில்லை.

சிக்கலும் இதில்தான். பிலிமில் தப்பு நாள் கழித்துத் தெரிந்தது. டிஜிட்டலில் உடனே தெரிந்தது. போனிலோ தப்பை நாம் பார்ப்பதற்குள் போனே திருத்திவிடுகிறது. படம் நன்றாக வருகிறது, எடுத்தவருக்கு ஏன் என்று தெரிவதில்லை. கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு, மூன்றில் நடுவில் உள்ள டிஜிட்டல் கேமராதான் நல்ல வாத்தியார்.

அது கைவசம் இல்லாதவர்கள், போன் கேமராவில் ‘ப்ரோ’ என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சமான கூடத்தில் ஓடும் மின்விசிறியை ஒருமுறை 1/1000, ஒருமுறை 1/30 ஷட்டர் வேகத்தில் எடுங்கள். அதற்கேற்ப ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) நீங்களே ஏற்றி இறக்குங்கள். முதல் சில படங்கள் சொதப்பும். அழிக்காமல் வைத்திருந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

(தொடரும்)