கடன் கொப்பியும் கணனிக் கோப்பும்

வட்டவளை நம் நாட்டில் அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆனி, ஆடி மாதங்களில் லாச்சிக்குள் வைத்த கடன் கொப்பியும் ஈரம் பிடித்து மை கலங்கிவிடும். தோட்டத்துச் சம்பளம் வரும்வரை அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் கடனுக்குத்தான் போகின்றன. ஆகவே பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கணனியை வாங்கி, கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றையும் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் அந்தக் கணனி பழுதானது. பிரதி எடுத்து வைத்திருக்கிறோமே என்ற தைரியம் எனக்கு இருந்தது. பிரதியும் இருந்தது, ஆனால் அதைத் திறக்க முடியவில்லை. அந்த மென்பொருள் மட்டுமே அதை வாசிக்கும். அதை விற்றவரோ தொழிலை விட்டுப் போய்விட்டார். இரண்டு மாத நிலுவையை வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் மீண்டும் எழுதினேன். கொழுந்து பறிக்கும் ஒரு பெண், நான் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, “நானா, மாவும் எடுத்தேனே, அத விட்டுட்டீங்க” என்றார். அவரது நேர்மை என் நஷ்டத்தைக் குறைத்தது. ஆனால் வேறு யாருக்காவது நான் கூட்டி எழுதியிருந்தால்? நம் பணம் போனால் நஷ்டம். அடுத்தவரின் ஹக் நம்மிடம் வந்துவிட்டால் அது நஷ்டத்தைவிடப் பெரிது. குர்ஆனின் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான் (2:282) என்பதை வியாபாரிகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

கணனி படித்த என் மருமகனிடம் இதைச் சொன்னேன். “மாமா, பிழை கணனியில இல்ல. கணக்க யாரும் வாசிக்கிற மாதிரி வெளியே எழுதி வைக்கல்ல” என்றார். அவர் காட்டிய வழியைத்தான் இங்கே பகிர்கிறேன்.

தோட்டத்துச் செக்ரோலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆளுக்கு ஒரு வரி. இலக்கம், பெயர், நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கணனியிலும் அப்படியே செய்யலாம். நிரல் முதலில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறக்கிறது. கணக்கிலுள்ள பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பகுதிகளுக்கு இடையில் ஒரு காற்புள்ளி வைத்து, ஒரு பதிவை ஒரு வரியாக எழுதுகிறது. கடைசியில் கோப்பை மூடுகிறது. மூட மறந்தால் இறுதி வரிகள் கோப்பில் விழாமலே போகலாம். எழுதி முடித்த வரி இப்படி இருக்கும்:

0047,"மேல் கணக்கு, 12ஆம் லயம்",2024-06-03,மா,2,400.00

இதைத் திறக்க விசேட மென்பொருள் எதுவும் வேண்டாம். எந்தக் கணனியும் வாசிக்கும், நீங்களும் நானும் வாசிக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டிய விடயங்கள் சில உண்டு.

முதலாவது, காற்புள்ளி. முகவரிக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் கணனி அதை இரண்டு பகுதியாகப் பிரித்து, தொகை இருக்க வேண்டிய இடத்தில் பொருளின் அளவை வைத்துவிடும். அதனால்தான் மேலே முகவரி மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. தொகையையும் 4,500 என்று எழுதாமல் 4500.00 என்றே எழுதுங்கள். பைதன் போன்ற கணனி மொழிகளில் இதற்கென்றே ஆயத்தமான பகுதி உண்டு. நிரல் எழுதுபவர் அதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, திகதி. 03/06 என்றால் ஜூன் 3 என்போம் நாம். அமெரிக்கருக்கு அது மார்ச் 6. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பம் வராது.

மூன்றாவது, இலக்கங்கள். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணை அது சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போயே போய்விடும். எனவே இவற்றை எண்ணாக அல்ல, எழுத்தாகவே வைக்கும்படி சொல்லுங்கள்.

நான்காவது, தமிழ். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர், வேறு கணனியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். யூனிகோட் தமிழில் தட்டச்சு செய்து, யூடிஎப்-8 முறையில் சேமித்தால் எங்கும் தமிழாகவே இருக்கும்.

காற்புள்ளிக்குப் பதிலாக, ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை எழுத்து இடம் என்று அளந்து வைக்கும் முறையும் உண்டு. ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த 80 நிரல் துளையட்டைகளிலிருந்து வந்த பழக்கம் இது. பழையதுதானே என்று தள்ளிவிட முடியாது. ஊழியர் சேமலாப நிதி விபரத்தை மத்திய வங்கிக்கு மின்னணு முறையில் அனுப்பும் தொழில் கொள்வோர், ஓர் ஊழியருக்கு ஒரு வரி என்று குறித்த வடிவத்தில்தான் கோப்பைத் தயாரிக்க வேண்டும். அடையாள அட்டை எண், பெயர், அங்கத்துவ இலக்கம், பங்களிப்புத் தொகை ஆகியவை அதில் இருக்கும். ஊழியரின் 8 வீதமும் நமது 12 வீதமும் அந்த வரியை நம்பித்தான் அவரது கணக்கில் சேருகின்றன. ஓர் இலக்கம் இடம் மாறினால், பணம் கட்டியும் அவர் பெயரில் வரவு விழாமல் போகலாம். கடையில் இரண்டு பேர் வேலை செய்தாலும் இந்தக் கடமை நமக்கு உண்டு.

இப்போது என் கடையில் ஒவ்வோர் இரவும் மருமகனின் சிறு நிரல் அன்றைய திகதியிட்ட ஒரு கோப்பை எழுதுகிறது. அது பென்டிரைவ் ஒன்றுக்கும் போகிறது. கோப்பின் முதல் வரியில் எந்தப் பகுதி எதைக் குறிக்கிறது என்று தலைப்பு இருக்கும். கடைசி வரியில் எத்தனை பதிவுகள், மொத்தத் தொகை எவ்வளவு என்று இருக்கும். கொப்பியின் அடியில் நாம் கூட்டிப் போடுவது போலத்தான். மாதம் ஒரு தடவை அதை வேறொரு கணனியில் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத பிரதியை நம்பி ஒருமுறை பட்டது போதும்.

மென்பொருள் வாங்கப்போகும் சகோதரர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “என் கணக்கு முழுவதையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துத் தர இதனால் முடியுமா?” முடியும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடையைப் பாருங்கள். மென்பொருள் அவருடையதாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் கணக்கு உங்களுடையது, உங்களை நம்பிக் கடன் வாங்கியவர்களுடையதும்கூட.