எல்லாம் இருந்தும் எஞ்சின் கிளம்பவில்லை!

அம்பாசடர் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரான கார் அது. பழைய அம்பாசடர் ஒன்றின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினை முழுதும் பிரித்து, புது பிஸ்டன் வளையங்கள் போட்டு, மறுபடி பூட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது. கிளம்ப மறுக்கிறது. கார்புரேட்டரிலிருந்து 'டப்' என்று ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினால் பாட்டரி தீர்ந்துவிடும். அது மட்டுமா? எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். புது வளையங்கள் உலர்ந்த சுவரில் உராயும். எஞ்சினை மீண்டும் பிரிப்பதென்றால் செய்த வேலை, செலவு எல்லாம் வீண்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். அது நனைந்திருக்கிறது, ஆகவே பெட்ரோல் வருகிறது. சோதித்ததில் பொறியும் பறக்கிறது. (இச்சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம். பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பெட்ரோல் ஆவியும் பக்கத்தில் இருக்கும்.) சிலிண்டரில் அழுத்தமும் சரியாக உள்ளது. பிறகு எதுதான் குறை?

நேரம்! பிஸ்டன் ஒரு முறை ஏறுவதையோ இறங்குவதையோ ஒரு வீச்சு என்பார்கள். கலவையை உறிஞ்ச இறங்குகிறது, அழுத்த ஏறுகிறது, எரிந்த வாயு தள்ள இறங்குகிறது, புகையை வெளியேற்ற மீண்டும் ஏறுகிறது. இந்த நான்கு வீச்சுகளுக்குள் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரோ ஒரே சுற்றுத்தான். ஆக, பிஸ்டன் இரு முறை உச்சிக்கு வருகிறது. முன்புறக் கப்பியிலுள்ள குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும்; அதற்கு வேறுபாடு தெரியாது. பொறி வேண்டியது முதல் உச்சியில். அது இரண்டாம் உச்சியில் விழுந்தால்? அப்போது உள்வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். உள்ளே வரும் கலவை தீப்பற்றி கார்புரேட்டர் வழியே சீறும். முகத்தை அருகே கொண்டுபோனால் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரல் போதும். ரேடியேட்டர் பக்கமுள்ள முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை மெக்கானிக் விரலால் மூடிக்கொள்கிறார். உதவியாள் எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுகிறார். காற்று விரலைத் தள்ளினால் அதுவே அழுத்த வீச்சு. குறி சேரும் இடத்தில் நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கிறார். உள்ளே சுழலும் ரோட்டார் 1-ஆம் பிளக் வயரை நோக்க வேண்டும். இங்கே அது 4-ஐ நோக்குகிறது! பொறி செல்லும் வரிசை 1, 3, 4, 2. ஆகவே 1-க்கு நேர் எதிரே இருப்பது 4.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடிநாக்கு சற்று ஒரு பக்கம் ஒதுங்கியது. ஒரே விதமாகத்தான் பொருந்தும். ஆனால் அதைச் சுழற்றும் பற்சக்கரத் தண்டை எஞ்சினில் எப்படி வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். பூட்டியவர் இரண்டாம் உச்சியில் இறக்கிவிட்டார்.

மூடியில் 1-ஐயும் 4-ஐயும், 3-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றினாலே எஞ்சின் கிளம்பிவிடும். ஆனாலும் தண்டை வெளியே எடுத்துச் சரியாக இறக்குவதே நல்லது. நாளை வேறொருவர் புத்தகத்தில் உள்ளபடி வயர்களை மாட்டினால் வண்டி மறுபடி நின்றுவிடும் அல்லவா?