விஷத்தை விட்டாச்சு, வெயிலை என்ன செய்யறது?

"மருந்தடிக்கிறதை நிறுத்தியாச்சு, இனி உடம்புக்கு ஒண்ணும் வராது" என்று நம் உழவர்கள் பலர் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியணும்னா, சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

உள்ளே நடக்கும் பாசனம்

முதுகுப் பக்கம், விலாவின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு, சுமார் 150 கிராம் எடை. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. நெஃப்ரானின் தலைப்பில் நுண்ணிய ரத்தக் குழாய்களால் ஆன சல்லடை. அதைத் தொடர்ந்து நீளமான ஒரு வாய்க்கால். ரத்த அணுவும் புரதமும் சல்லடையில் நின்றுவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் வாய்க்காலில் இறங்கும். இப்படி இறங்குவது ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். ஆனால் நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதை வாய்க்காலே உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இந்த யூரியா, மூட்டையில் வரும் அதே பொருள்தான். நாம் தின்ற புரதத்தின் கழிவை நம் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. மாட்டுக்கும் அப்படித்தான். கோமியம் பயிருக்குத் தழைச்சத்து தருவது இதனால்தான்.

வரத்து குறைந்தால்

வியர்வை ஊற்றி, தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீரகத்துக்கு ரத்த வரத்து குறையும். சிறுநீர் சுண்டி அடர்மஞ்சளாகும். ஒரு நாள் என்றால் தாங்கும். வருஷக்கணக்கில் தினமும் நடந்தால்?

எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளவயதுக்காரர்கள், சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இல்லாமலே சிறுநீரகத்தை இழந்தார்கள். கடும் வெயிலில் ஓயாத உழைப்பு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. குடிநீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுத்த தோட்டங்களில் பாதிப்பு குறைந்தது. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகளிடமும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதுபோன்ற நோய் இருக்கிறது. அங்கே வெயில், குடிநீர், வேளாண் ரசாயனம் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் உண்டு. ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை.

களைக்கொல்லியான பாராகுவாட் விஷயத்தில் சந்தேகமே இல்லை. உடலுக்குள் போனால் அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அந்தச் சிறுநீரகத்தையே அது முதலில் கெடுக்கும்; வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் சேர்ந்து உயிரைக் குடிக்கும்.

வலி மாத்திரை

உடம்பு வலிக்குதேன்னு டைக்ளோஃபினாக் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குவது பலருக்கு வழக்கம். இந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். இதே மருந்து ஏற்றிய மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கு இன்றும் கிடைக்கிறது.

நாம செய்ய வேண்டியது

- தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீங்க. தண்ணீர், மோர், நீராகாரம் ஏதாவது அடிக்கடி குடிங்க.
- கடும் வேலையை அதிகாலையிலும் மாலையிலும் வச்சுக்குங்க. வரப்போரம் நிழல் மரம் வளருங்க.
- ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். பண்ணையில் ஒரு மறைப்பாவது கட்டிக் கொடுங்க.
- சிறுநீரகம் கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பாருங்க.
- ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டவர்கள் இளநீர் குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்க. அதிலுள்ள பொட்டாசியத்தை அவர்கள் உடம்பால் வெளியேற்ற முடியாது, இதயத்துக்கே ஆபத்தாகலாம். இயற்கையானது என்பதாலேயே எல்லாருக்கும் ஆகும்னு இல்லை.

நிலத்துக்கு மூடாக்கு போடுறோம், ஈரம் காக்கிறோம். அதே கவனம் நம்ம உடம்புக்கும், நம்ம வயலில் கூலிக்கு வர்றவங்க உடம்புக்கும் வேணும்.