தனியே தூரப் பயணமா? காரோடு சாரதியும் தயாராக வேண்டும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். கல்யாணம், ஜனாஸா, வியாபாரம் என்று ஏதோவொரு தேவைக்காக நம் வீட்டவர் ஒருவர் இத்தூரத்தைத் தனியே காரில் கடக்க நேரிடுகிறது. இன்று காரோட்டும் சகோதரிகளும் நம்மிடையே பலர். புறப்படுமுன் டயரையும் எண்ணெயையும் பார்க்கிறோம். ஓட்டுபவர் போதிய அளவு தூங்கினாரா என்று கேட்பவர் எத்தனை பேர்?

தனியே செல்பவருக்குள்ள பெரிய ஆபத்து நித்திரைதான். பக்கத்தில் ஒருவர் இருந்தால், கண் சொருகுவதைக் கண்டு தட்டி எழுப்புவார். தனியே போகிறவருக்கு அந்தத் துணை இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். நான்கு வினாடி கண்ணயர்ந்தால், 65 மீற்றருக்கு மேல் சாரதியே இல்லாமல் ஓடியது போலத்தான்.

காலை 5 மணிக்கு சுபஹுக்கு எழுந்தவர் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவு 10 மணிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 17 மணி நேரம் விழித்திருந்தவர். அந்நிலையில் ஒருவருடைய கவனம், மது அருந்தியவருடையதைப் போலவே தளர்ந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மதுவைத் தொட்டும் பாராதவருக்கும் இதே கதிதான். ஆகவே முதல் நாள் இரவு நேரத்தோடு படுத்து, சுபஹ் தொழுதபின் புறப்படுவதே நல்லது. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையும், பகல் 2 மணி முதல் 4 மணி வரையும் உடல் இயல்பாகவே தூக்கத்தை நாடும் நேரங்கள்.

இங்கேதான் இல்லத்தரசியின் பங்கு இருக்கிறது. புறப்படும் நாளில் வயிறு நிறைய நெய்ச்சோறு வேண்டாம். இடியப்பம், வாழைப்பழம், பேரீச்சம்பழம், தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்கில் தேநீர் போதும். தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கம் வருத்துபவை. அவற்றைக் கொடுக்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். ரமழானில் பயணிக்கு நோன்பைப் பிற்படுத்திக் களாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருப்பதையும் நினைவூட்டுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காரை நிறுத்திக் கால் மணி நேரம் இளைப்பாற வேண்டும். வழியிலுள்ள பள்ளிவாசல்களில் தொழுகைக்காக இறங்குவதே நல்ல ஓய்வாகிவிடும். கொட்டாவி வந்தால் வானொலியைச் சத்தமாக வைப்பதும், கண்ணாடியை இறக்கிவிடுவதும் தூக்கத்தை விரட்டாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு, 20 நிமிடம் கண்ணயர்வதே மருந்து.

காரைக் கவனிக்க வேண்டியது முதல் நாளே. எஞ்சின் ஒயில், றேடியேட்டர் தண்ணீர், பிரேக், விளக்குகள் ஆகியவற்றைப் பாருங்கள். டயர் சூடேறுமுன் காற்றைச் சரிபாருங்கள். ஸ்பெயார் டயரையும் ஜக்கையும் மறக்க வேண்டாம். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம், டோர்ச் லைட் என்பன காரிலேயே இருக்கட்டும். வழியில் எஞ்சின் கொதித்தால், அது ஆறும்வரை றேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது.

ஹபரணை, மின்னேரியாப் பகுதியில் வீதியைக் கடக்கும் யானைகள் உண்டு. பொழுது சாயுமுன் அதைத் தாண்டுமாறு நேரத்தைக் கணக்கிடுங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹோர்ன் அடிப்பதும் காரைவிட்டு இறங்குவதும் ஆபத்து.

கடைசியாக, தொலைபேசி. ‘எங்கே வந்துவிட்டீர்கள்?’ என்று அடிக்கடி அழைப்பது அன்பினால்தான். ஆனால் ஓடும் காரில் அந்த அழைப்பே விபத்துக்குக் காரணமாகலாம். குருநாகல், ஹபரணை, கதுருவெல என்று நிறுத்தும் இடங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அங்கிருந்து அவரே அழைக்கட்டும். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990 என்ற இலக்கங்களை இருவருமே மனதில் வைத்திருங்கள்.

‘களைப்பாக இருந்தால் நாளைக்கு வாருங்கள், நாங்கள் காத்திருப்போம்.’ தனியே காரோட்டி வருபவருக்கு இந்த ஒரு வார்த்தை பெரிய பாதுகாப்பு. அதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டிலிருக்கும் நாம்தான்.