பைக்கு அடியில் தங்கும் வெள்ளை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும்போது கையில் கத்தி பட்டால், துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலோருக்கு ரத்தம் நின்றுவிடும். கடுமையான ஹீமோபிலியா உள்ளவருக்கு அப்படியில்லை. நின்றதுபோல் இருந்து மறுபடி கசியும். காயமே இல்லாமல் முழங்காலுக்குள்ளும் கசியும், அதுதான் பெரிய தொல்லை. ஏ வகையில் ரத்தத்தை உறையவைக்கும் எட்டாவது காரணி குறைவு. பி வகையில் ஒன்பதாவது.

அதை எப்படி ஈடுகட்டுவது? தானமாக வந்த ரத்தத்தைச் சுழற்றி, மேலே தேங்கும் மஞ்சள் பிளாஸ்மாவைப் பிரித்து, சில மணி நேரத்துக்குள் உறையவைக்கிறார்கள். தாமதித்தால் எட்டாவது காரணி வீரியம் இழக்கும். உறைந்த பையை 4 டிகிரி குளிரில் மெல்ல இளகவிட்டால், அடியில் கொஞ்சம் வெண்படிவு மட்டும் கரையாமல் நிற்கும். அவசரப்பட்டு வெதுவெதுப்பான நீரில் போட்டால் அதுவும் கரைந்துபோகும். இதுதான் கிரையோபிரெசிபிடேட். பைக்கு 15 மில்லி அளவுதான். எட்டாவது காரணியும், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் அதில் செறிந்திருக்கும். 1960களில் அமெரிக்க விஞ்ஞானி ஜூடித் பூல் கண்ட வழி இது. ஒன்பதாவது காரணி படிவில் தங்காததால், பி வகைக்காரருக்கு இது உதவாது.

கிரையோ தயாரிப்பில், தான ரத்தத்தோடு வரக்கூடிய வைரஸை அழிக்கும் கட்டம் வழக்கமாக இல்லை. ஆலையில் தயாராகும் காரணி மருந்தில் உண்டு; ஆனால் விலை கையைக் கடிக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்த அளவு மருந்தே போதும் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1998இல் எழுதியது அதனால்தான் முக்கியம். அதே சி.எம்.சி.யில் ஏ வகை நோயாளிகள் 5 பேருக்குச் செய்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. அவர்கள் உடலே எட்டாவது காரணியைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது.