ஒராசியோ கிரோகாவின் வனவாசம்

உருகுவே தேசத்துச் சால்ட்டோ நகரில் 1878-இல் பிறந்த ஒராசியோ கிரோகா, சேசு சபையாரின் சிதிலங்களை ஆராயக் கவிஞர் லியோபோல்டோ லுகோனெஸ் 1903-இல் மேற்கொண்ட யாத்திரையில் புகைப்படக்காரராக அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் பிரதேசத்துக்கு வந்து, அவ்வடவியின்மேல் கொண்ட மோகம் தணியாமல், பின்னர் சான் இக்னாசியோவில், பரானா நதியை நோக்கிய ஒரு மேட்டில், தம் கையாலேயே வீடு சமைத்துக் குடியேறினார். சர்ப்பதம்சமும், உஷ்ணத்தின் உக்கிரமும், முன்னறிவிப்பில்லாத மரணமும் அவர் கதைகளில் அலங்காரமின்றி வந்து நிற்பதற்கு இவ்வாசமே காரணம். பட்டணத்து மேஜையருகே அமர்ந்து கற்பனை செய்துவிடக்கூடிய விஷயங்களா அவை?

காதல், பித்து, மரணம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட தொகுதி 1917-இல் வெளிவந்து அவருக்குக் கீர்த்தி தந்தது. அத்தகைய பயங்கரங்களை எழுதிய அதே பேனா, மறு வருஷமே குழந்தைகளுக்காக, நோயுற்ற வேடனை முதுகில் சுமந்து புவெனஸ் அயர்ஸ் வரை நடக்கும் ராட்சத ஆமையின் கதையையும் எழுதிற்று.