மின்சாரம் போனால் பேச்சும் போகும்!

புதுதில்லி: அலுவலக மேஜைகளில் பழைய தொலைபேசியின் இடத்தை, சிறு திரையுடன் கூடிய இணையத் தொலைபேசி பிடித்துவிட்டது. இந்தியாவில் இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு மின்வெட்டின்போதுதான் புரியும்.

பழைய கருவிக்கான 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்தது. கட்டடம் இருளில் மூழ்கினாலும் மணி அடிக்கும். இணையத் தொலைபேசிக்கோ, பெரும்பாலும் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வருகிறது. அதைத் தருவது எங்கோ ஒரு மூலை அலமாரியில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டி. கம்ப்யூட்டர்களுக்கு யு.பி.எஸ். வாங்கும் நிர்வாகம் இந்தப் பெட்டியை மறந்தால், ஒரு தளம் முழுவதும் ஊமையாகிவிடும். வட மாநில மின்தொகுப்பு 2012 ஜூலை 30, 31 தேதிகளில் செயலிழந்து மெட்ரோ ரயில்கள் நின்றன. அத்தகைய நாளிலோ, மின்சாரம் துண்டிக்கப்படும் தீ விபத்திலோ 101-ஐ அழைக்க வழியிராது. செல்போன் இருக்கிறதே என்பர். தரைக்கீழ்த் தளங்களில் சிக்னல் கிடைப்பது அரிது.

மற்ற கோளாறுகள் எளியவை. கருவியின் பின்புறம் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று சுவருக்கு, மற்றது கம்ப்யூட்டருக்கு. மாற்றிச் செருகினால் திரை இருண்டே கிடக்கும். ஒருவர் குரல் மட்டும் கேட்டால், குற்றவாளி பெரும்பாலும் ஃபயர்வால். ஓர் அழைப்புக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் வேகமே போதும். ஆனால் தாமதத்தை அது பொறுக்காது. யாரேனும் பெரிய கோப்பை இறக்கினால் குரல் உடையும். பேச்சுக்கு முன்னுரிமை தருமாறு ரவுட்டரை அமைப்பதே இதற்குத் தீர்வு.

மின்வெட்டுக்கு அப்படியொரு அமைப்பு கிடையாது. ஸ்விட்ச், ரவுட்டர், இணைய இணைப்புப் பெட்டி ஆகிய மூன்றையும் யு.பி.எஸ்ஸில் இணைத்தாக வேண்டும்.